குருதியை ஆக்கும் பரம்பரையலகுகள்

பாக்கு நீரிணைக்கும் மன்னார்க் குடாவுக்கும் இடையே நீண்டு கிடப்பது மன்னார்த் தீவு. அதன் வடமேற்கு முனையாகிய தலைமன்னாரிலிருந்து மணற்றிட்டுகள் வரிசையாக இராமேசுவரத்தை நோக்கிச் செல்கின்றன. தென்கிழக்கே ஒரு பாலம் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கின்றது. எதிர்க்கரையில் திருக்கேதீச்சரமும் பழைய மாந்தைத் துறையும் உள்ளன. அவற்றிற்குத் தெற்கே முத்துக்குளிப்பாற் பெயர்பெற்ற அரிப்புக் கரை உள்ளது. தீவிலுள்ள பள்ளிமுனையில் மிகப் பருத்த பெருக்க மரம் ஒன்று நிற்கின்றது. அம்மரம் ஆபிரிக்க நாட்டிற்கு உரியது. அராபிய வணிகர் அதனை இங்குக் கொணர்ந்தனர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

கடல்வழியாக மரங்கள் மட்டும் வரவில்லை. மனிதர் வந்தனர், அவர்களோடு நோய்களும் வந்தன. மனிதன் எங்கே சென்று குடியேறினாலும், தன் முன்னோர் எந்த நோய்களோடு போராடினர் என்பதன் அடையாளத்தைத் தன் குருதியிற் கொண்டே செல்கின்றான். அந்த அடையாளங்களை அறிஞர் எவ்வாறு படித்தனர், குருதிக்கலங்களை ஆக்கும் பரம்பரையலகுகளை எவ்வாறு கண்டறிந்தனர், அவ்வறிவினால் இத்தகைய கரையில் வாழும் குடும்பங்களுக்கு விளையும் பயன் யாது என்பன எண்ணிப் பார்க்கத்தக்கன.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இலங்கையின் உலர் வலயத்தை நூற்றாண்டுக் கணக்காக வாட்டியது மலேரியாக் காய்ச்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் கொள்ளைகொண்ட உயிர்கள் பல. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 பேரைப் பலிகொண்டது. 1946 ஆம் ஆண்டில் டி.டி.ரி. மருந்து தெளிக்கும் பணி தொடங்கியது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கே இந்நோய் கண்டது. நோய் ஒழிந்தது என்று மக்கள் ஆறுதல் கொண்டிருக்கையில், 1967 ஆம் ஆண்டு தொடக்கம் அது மீண்டும் பெருகி இலட்சக்கணக்கானோரை வருத்தியது. போர்க் காலமாகிய 1999 ஆம் ஆண்டிலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்.

பின்னர் இடையறாத உழைப்பினால் நோய் அடங்கியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திற் காணப்பட்டார். 2016 ஆம் ஆண்டு செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக ஏற்றுச் சான்று வழங்கியது. ஆயின் அதே ஆண்டு திசெம்பர் மாதத்தில், மன்னாரில் நுளம்புகளை ஆராய்ந்த அலுவலர் அங்குள்ள கிணறுகளில் அனோபிலிசு இசுரீபன்சி என்னும் நுளம்பின் குடம்பிகளைக் கண்டனர். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்த நுளம்பே. இலங்கையில் அதற்கு முன் அது கண்டறியப்பட்டதில்லை. நோய் நீங்கினும் அதனைச் சுமக்கும் வாகனம் புதிதாக வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே, மலேரியாவும் குருதியும் கொண்ட பழைய உறவை மன்னார் மக்கள் மறந்துவிட இயலாது.

அந்த உறவு யாது? மலேரியாக் கிருமி மனிதனின் செங்குழியங்களினுள் நுழைந்து, அங்கேயே உண்டு பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றது. காய்ச்சலும் குளிரும் அவ்வாறு குழியங்கள் உடையும் வேளையிலேயே தோன்றுகின்றன. எனவே செங்குழியத்தின் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் நேரினும், அது கிருமிக்கு வாயிலைத் திறக்கவுங் கூடும், அடைக்கவுங் கூடும்.

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறக்குறைய ஐந்து இலீற்றர் குருதி உண்டு. அதற்குச் செந்நிறம் தருவன செங்குழியங்கள். அவற்றினுள் நிறைந்திருக்கும் ஈமோகுளோபின் என்னும் புரதமே ஒட்சிசனைச் சுமந்து செல்கின்றது. ஒரு செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழியும். அழிவதை ஈடுசெய்தற்கு, எலும்பின் உள்ளீடாகிய என்பு மச்சை ஒவ்வொரு வினாடியும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய செங்குழியங்களை ஆக்கி அனுப்புகின்றது. நோயை எதிர்க்கும் வெண்குழியங்களும், காயத்திற் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகளும் அதே மச்சையிலேயே பிறக்கின்றன. இம்மூவகையும் ஒரே இனத் தாய்க்கலத்தின் பிள்ளைகள்.

ஒரு தாயின் பிள்ளைகள் மூன்று தொழிலுக்கு எவ்வாறு பிரிகின்றனர் என்பதே அறிஞரை நெடுங்காலம் மயக்கிய வினா. உடலின் ஒவ்வொரு கலத்தின் கருவிலும் டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. ஏ, ரி, ஜி, சி எனக் குறிக்கப்படும் நான்கு எழுத்துகளால் அவ்விழையில் ஏறக்குறைய 300 கோடி எழுத்தளவில் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அச்செய்தியில் ஒரு புரதத்தை ஆக்குதற்குரிய பகுதியே பரம்பரையலகு எனப்படும். ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் எல்லாக் கலங்களிலும் ஒரே வகையாக இருப்பினும், எல்லாம் எங்கும் தொழிற்படுவதில்லை. ஓர் ஏட்டுக்கட்டிலே வைத்தியர் தமக்கு வேண்டிய ஏட்டையும் சோதிடர் தமக்கு வேண்டிய ஏட்டையும் விரிப்பது போல, ஈரற்கலம் சில பரம்பரையலகுகளையும் செங்குழியமாக வளரும் கலம் வேறு சிலவற்றையும் விரிக்கின்றன. எந்த ஏட்டை விரிப்பது என்று கட்டளையிடுவது யார்?

விடையின் நுனி 1980 களின் இறுதியிலே அகப்பட்டது. ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகுகளின் அயலில் ஜி-ஏ-ரி-ஏ என்னும் நான்கெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருவதை ஆராய்ச்சியாளர் கவனித்தனர். குருதிக்கலங்களிலிருந்து எடுத்த ஒரு புரதம் அத்தொடரைத் தேடிச்சென்று பற்றிக்கொள்வதையும் கண்டனர். 1989 ஆம் ஆண்டில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கேரி பெல்சன்பெல்டு குழுவினரும், ஆர்வர்டைச் சேர்ந்த இசுருவட் ஓர்க்கின் குழுவினரும் அப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். அது பற்றும் எழுத்துகளைக் கொண்டே அதற்குக் கேற்றா-1 என்று பெயர் வழங்கலாயிற்று. 1991 ஆம் ஆண்டில் இந்த அலகை இழந்த கலங்கள் எலிக் கருக்களிற் சேர்க்கப்பட்டன. அக்கலங்கள் உடலின் பிற உறுப்புகளில் இடம்பெற்றன, வெண்குழியங்களாகவும் வளர்ந்தன, முதிர்ந்த செங்குழியங்களாக மட்டும் வளரவில்லை. செங்குழியத்தை ஆக்கும் கட்டளைகளுள் தலையாய ஒன்று கேற்றா-1 என்பது இதனால் உறுதியாயிற்று.

ஒன்று கிடைத்தது, ஏனையவற்றைத் தேடுவது எவ்வாறு? இங்கே ஒரு சிறு மீன் அறிஞருக்குத் துணைசெய்தது. இந்திய உபகண்டத்தின் ஆறுகளிலும் வயல்வாய்க்கால்களிலும் வாழும் வரிமீன், ஒரு விரலின் நீளமும் இல்லாதது. அதன் முட்டையும் கருவும் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவ விடுவன. முட்டை கருவுற்று ஒரு நாள் கழிந்ததும், இதயம் துடிப்பதையும் குருதி ஓடுவதையும் நுணுக்குக்காட்டி வழியே நேரிற் காணலாம். இன்னொரு வசதியும் உண்டு. கரு மிகச் சிறிதாகையால் நீரிலுள்ள ஒட்சிசன் தானாகவே அதனுள் ஊறிச் செல்லும். ஆதலின், செங்குழியமே இல்லாத மீன்குஞ்சும் சில நாள் உயிரோடிருக்கும். எலியிலும் மனிதனிலும் கருவிலேயே முடிந்துபோகும் குறைகளை இம்மீனிலே கண்ணாரக் காணலாம்.

செருமனியின் தியூபிங்கன் நகரிலும் அமெரிக்காவின் பொசுற்றன் நகரிலும் இயங்கிய ஆய்வுகூடங்கள், இரசாயனப் பொருள் கலந்த நீரில் மீன்களை விட்டு, அவற்றின் பரம்பரையலகுகளில் எழுத்துப் பிழைகளை உண்டாக்கின. பின்னர் அவற்றின் வழித்தோன்றல்களை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து, குருதி வெளிறியவற்றையும் குருதியே அற்றவற்றையும் பொறுக்கியெடுத்தன. அம்முடிவுகள் 1996 ஆம் ஆண்டில் வெளிவந்தன. வெளிறிய மீன்குலங்கள் பலவற்றிற்கு வைன் வகைகளின் பெயர்களை இட்டனர். குருதியற்ற ஒரு குலத்திற்கு, இரத்தங்குடிக்கும் பேய்க்கதையோடு தொடர்புபடுத்தப்படும் விளாத் தெப்பெசு என்னும் பழைய இளவரசனின் பெயரை இட்டனர். அக்குலத்திற் பழுதடைந்திருந்தது கேற்றா-1 என்பது 2002 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. மற்றொரு வெளிறிய குலத்தை ஆராய்ந்தவர், 2000 ஆம் ஆண்டில், கலத்தினின்று இரும்பை வெளியே அனுப்பும் பெரோபோட்டின் என்னும் புரதத்தைக் கண்டனர். உணவிலுள்ள இரும்பு குடலிலிருந்து குருதிக்குச் செல்லும் வாயில் அதுவே. மனிதனிலும் அதே வாயிலே உண்டு. மீனின் குறையைத் தேடியவர் மனிதனின் குருதிச்சோகைக்கும் இரும்பு மிகைக்கும் விளக்கம் பெற்றனர்.

இனி, இந்த ஆராய்ச்சி மலேரியாவை வந்து தொடும் இடத்தைக் காண்போம். மலேரியாக் கிருமிகளுள் வைவாக்ஸ் என்பது இலங்கையில் மிகுதியாக வழங்கியது. அது செங்குழியத்தினுள் புகுவதற்குக் குழியத்தின் மேலுள்ள டஃபி என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றது. 1950 ஆம் ஆண்டில், அப்பெயர் கொண்ட நோயாளர் ஒருவரின் குருதியை ஆராய்ந்தபோது அறியப்பட்ட குருதிவகை அது. மேற்கு ஆபிரிக்க மக்களிற் பெரும்பாலோரின் செங்குழியங்களில் டஃபி இல்லை. வைவாக்ஸ் காய்ச்சலும் அவர்களை அணுகுவது அரிது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை 1976 ஆம் ஆண்டில் உலூயி மில்லர் குழுவினர் நிறுவினர்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. அம்மக்களிடம் டஃபிப் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு பழுதின்றி இருந்தது. உடலின் வேறு கலங்களில் அப்புரதமும் இருந்தது. செங்குழியத்தில் மட்டும் அது இல்லை. 1995 ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் புதிரை அவிழ்த்தனர். டஃபி அலகின் முன்னே, கேற்றா-1 வந்து பற்றவேண்டிய இடத்தில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. கட்டளையிடுபவர் வந்து நிற்கும் படிக்கல் உடைந்தமையால் செங்குழியத்தில் அந்த ஏடு விரிக்கப்படவில்லை. கேற்றா-1 ஆளாத பிற கலங்களில் அது வழக்கம்போல் விரிக்கப்பட்டது. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று மாறியது. ஒரு கண்டத்தின் பெரும்பகுதி ஒரு நோயினின்று காக்கப்பட்டது. அக்காவல் முற்றானதன்று என்பதும், டஃபி இல்லாதாரையும் சில இடங்களில் வைவாக்ஸ் தொற்றுகின்றது என்பதும் 2010 ஆம் ஆண்டில் மடகாசுகர்த் தீவில் நடந்த ஆய்வால் உறுதிப்பட்டன.

பெருக்க மரம் மன்னாருக்கு வந்தது; பெருக்க மரத்தின் நாட்டவர் பெற்ற அக்காவல் இங்கு வேரூன்றவில்லை. தென்னாசிய மக்களிற் பெரும்பாலோர் டஃபி உடையவர். அவர்களின் குருதி வேறு வழிகளில் மலேரியாவை எதிர்த்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. அவ்வழிகளுள் ஒன்றே தலசீமியா.

தலசா என்பது கிரேக்க மொழியிற் கடலைக் குறிக்கும். மத்தியதரைக் கடலோர மக்களிடையே முதலில் இனங்காணப்பட்டமையால் இந்நோய் கடலின் பெயரைப் பெற்றது. வளர்ந்தோரின் ஈமோகுளோபின் அல்பா, பீற்றா என்னும் இருவகைச் சங்கிலிகளால் ஆனது. பீற்றாச் சங்கிலிக்குரிய பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகின்றது. இவற்றுள் ஒன்று மட்டும் பழுதாயின், அவர் தலசீமியாக் காவி எனப்படுவர். அவருடைய செங்குழியங்கள் சற்றுச் சிறியனவாயிருக்கும். மற்றபடி அவர் நலமாகவே வாழ்வார். இரண்டும் பழுதாயின், குழந்தை கடுங் குருதிச்சோகைக்கு ஆளாகும். காவிகளை மலேரியா கொல்வது குறைவாகலாம் என்றும், அதனாலேயே இப்பழுது சில நாடுகளிற் பரவி நிலைத்திருக்கலாம் என்றும் 1949 ஆம் ஆண்டில் எழுதியவர் ஜே. பி. எசு. ஓல்டேன். பிற்காலத்தில் இந்தியாவிற் குடியேறி, 1964 ஆம் ஆண்டில் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர். அவர் கருத்துச் சரியே என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பல காட்டின.

இலங்கையில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேர் பீற்றாத் தலசீமியாக் காவிகள். பரவல் எங்கும் ஒரே அளவினதன்று. குருநாகல், அநுராதபுரம், பதுளை முதலிய பகுதிகளில் நோயாளர் தொகை மிகுதி. இதனோடு ஈமோகுளோபின் ஈ என்னும் மாற்றமும் இத்தீவில் உண்டு. ஒரு பெற்றோரிடமிருந்து தலசீமியாவையும் மற்றவரிடமிருந்து இந்த ஈ மாற்றத்தையும் பெறும் குழந்தையும் நோயுறும். இலங்கை வைத்தியர்களும் ஒட்சுபோட்டுப் பேராசிரியர் டேவிட் வெதரோலும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எந்த நேரத்திலும் 2,000 க்கு மேற்பட்ட நோயாளருக்குச் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றும், அதற்கு நாட்டின் சுகாதாரச் செலவில் ஏறக்குறைய 5 வீதம் செல்லும் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது.

இந்நோயுற்ற குழந்தை பிறக்கும்போது மற்றைய குழந்தைகளைப் போன்றே இருக்கும். சில மாதங்களில் முகம் வெளிறும், பால் குடிக்கச் சோரும், வயிறு வீங்கும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வைத்தியசாலைக்குச் சென்று பிறர் குருதியை ஏற்றிக்கொள்ளவேண்டும். ஏற்றும் குருதியோடு இரும்பும் உடலிற் சேரும். போதாததற்கு, குருதிக்கு ஏங்கும் உடல் முன்கூறிய பெரோபோட்டின் வாயிலை அகலத் திறந்து, உணவிலிருந்தும் மிகையாக இரும்பை இழுத்துக்கொள்ளும். அவ்விரும்பு இதயத்திலும் ஈரலிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். அதனை வெளியேற்றும் மருந்தை நாள்தோறும் கொடுத்துவரவேண்டும். ஒரு தாய் தன் பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதையும் குருதி ஏற்றும் நாட்களாலேயே கணக்கிடும் நிலை இது. எலும்பு மச்சையை மாற்றி நோயைத் தீர்க்கும் முறை உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 ஆம் ஆண்டிலேயே தலசீமியா நோயாளருக்கு அது செய்யப்பட்டது. ஆனால் பொருந்தும் மச்சை உடன்பிறந்தாரிடம் கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றே.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று உண்டு. குழந்தை பிறந்தவுடன் நோயுறாதது ஏன்? தாய்வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் குருதியில் இருப்பது வேறோர் ஈமோகுளோபின். அதிலே பீற்றாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலி உண்டு. பிறந்த சில மாதங்களிற் காமா அலகு மூடப்பட்டுப் பீற்றா அலகு திறக்கப்படுகின்றது. பீற்றா பழுதான குழந்தைக்கு நோய் தொடங்குவது அப்போதே. அந்த மூடும் கையைத் தடுத்து நிறுத்தினால், முதிர்கருவின் ஈமோகுளோபினைக் கொண்டே பிள்ளை வாழலாகுமன்றோ? ஆனால் மூடும் கை யாருடையது என்பது தெரியவில்லை.

அதை வெளிப்படுத்த உதவியதும் ஒரு தீவே. மத்தியதரைக் கடலிலுள்ள சார்டினியா, மன்னாரைப் போன்றே மலேரியாவால் வருந்திய தீவு. தலசீமியாவும் அங்கு மிகுதி. சிலருக்கு மட்டும் வளர்ந்த பின்னரும் கருவின் ஈமோகுளோபின் மிகையாக நிலைத்திருப்பது ஏன் என்று அறிய, அங்குள்ள ஆயிரக்கணக்கானோரின் டீ.என்.ஏ. ஒப்புநோக்கப்பட்டது. இலண்டனில் சுவீ லே தெயின் குழுவினரும் இதே தேடலில் இருந்தனர். 2007, 2008 ஆம் ஆண்டுகளில் இரு குழுவினரும் ஒரே பரம்பரையலகைச் சுட்டினர். அதன் பெயர் பி.சி.எல். 11ஏ. 2008 ஆம் ஆண்டிலேயே விசய் சங்கரன், ஓர்க்கின் முதலியோர், குருதிக்கலங்களில் அவ்வலகை அடக்கினாற் கருவின் ஈமோகுளோபின் மீண்டும் பெருகும் என்பதைக் காட்டினர். காமா ஏட்டை மூடும் கை அதுவே.

அவ்வலகை உடல் முழுவதும் அழித்துவிட இயலாது. பிற கலங்களுக்கும் அது வேண்டியது. செங்குழியத்தில் மட்டும் அதனை முடுக்கும் ஒரு பகுதி 2013 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அப்பகுதியின் நடுவே கேற்றா-1 வந்து பற்றும் அதே எழுத்துத் தொடர் இருந்தது. 2012 ஆம் ஆண்டில் எம்மானுவேல் சார்பென்ரியரும் செனிபர் தௌட்னாவும் விளக்கிய கிறிஸ்பர் என்னும் வெட்டுங் கருவி அதற்குப் பயன்பட்டது. நோயாளரின் தாய்க்கலங்களை வெளியே எடுத்து, அந்த ஓரிடத்தை வெட்டி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தினர். பலர் குருதி ஏற்றும் தேவையினின்றும் விடுதலை பெற்றனர். 2023 ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானியாவும், 2024 ஆம் ஆண்டு சனவரியில் தலசீமியாவுக்கு அமெரிக்காவும் இம்முறைக்கு அனுமதி வழங்கின. ஆபிரிக்காவில் இயற்கை ஒரு படிக்கல்லை உடைத்து மலேரியாவைத் தடுத்தது. ஆய்வுகூடத்தில் மனிதன் அவ்வகைப் படிக்கல்லொன்றை அறிந்தே உடைத்துத் தலசீமியாவைத் தணித்தான். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே.

ஆயினும் இம்மருத்துவத்திற்கு அமெரிக்காவில் விதிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். கடுமையான மருந்துகளால் மச்சையை வெறுமையாக்கி, வாரக்கணக்கில் வைத்தியசாலையில் தங்கவும் வேண்டும். மன்னாரிலுள்ள மீனவக் குடும்பமொன்றுக்கு அது எட்டாத கனி. எட்டும் கனி ஒன்று உண்டு; அது குருதிச் சோதனை.

தாய் தந்தை இருவரும் காவிகளாயின், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோயுற்ற குழந்தை பிறக்கும் வாய்ப்பு உண்டு. நான்கில் இரண்டு பங்கு காவியும், ஒரு பங்கு பழுதே அற்ற குழந்தையும் பிறக்கலாம். முதற்குழந்தை நோயுற்றது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகின்றது. ஒருவர் மட்டும் காவியாக இருந்து மற்றவர் பழுதற்றவராயின் இந்நோயுள்ள குழந்தை பிறவாது. மாமன் மகளை அத்தை மகன் மணப்பது தமிழரிடையே வழங்கும் உறவுமுறை. ஒரு குடும்பத்தில் இப்பழுது இருப்பின், அத்தகைய மணத்தில் இருவரும் காவிகளாகும் வாய்ப்புக் கூடுகின்றது என்பதையும் பெரியோர் கருத்திற் கொள்ளவேண்டும்.

சோதனை எளிது. சிறிதளவு குருதியைக் கொண்டு செங்குழியங்களின் பருமனை அளப்பர். அவை சிறியனவாயின் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பர். இரும்புக் குறைவினாலும் குழியம் சிறுத்தல் உண்டாகையால் வைத்தியரே முடிவு கூறவேண்டும். வெளிறியிருப்போர் எல்லோரும் தாமாகவே இரும்பு மாத்திரையை வாங்கி உண்பதும் முறையன்று. குருநாகலிலுள்ள தேசிய தலசீமியா நிலையம் நெடுங்காலமாக இப்பணியைச் செய்து, மணத்திற்கு முன் சோதிக்கும் வழக்கத்தை நாட்டிற் பரப்பி வருகின்றது.

இச்சோதனைக்குத் தடையாயிருப்பது பெரும்பாலும் அச்சமே. பெண்ணுக்கு ஒரு குறை உண்டென்று ஊரார் பேசுவரோ, சம்பந்தம் தடைப்படுமோ என்று தாய்தந்தையர் கலங்குகின்றனர். பொருத்தம் பார்ப்பதற்குச் சாதகக் குறிப்பை எடுத்துச் செல்லும் கைகளே குருதிக் குறிப்பை மறைக்கின்றன. காவியாயிருத்தல் நோயுமன்று; குற்றமுமன்று; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே வரக்கூடியது. காய்ச்சல் நிறைந்த காடுகளையும் கரைகளையும் கடந்து முன்னோர் உயிர் தப்புதற்குத் துணைநின்ற காவலின் எச்சம் அது. மலேரியா நீங்கிய நாட்டில் அக்காவலின் பயன் குறைந்துவிட்டது; அதற்குரிய விலை மட்டும் எஞ்சியுள்ளது. அவ்விலையைக் குழந்தைகள் செலுத்தாமற் காப்பது பெற்றோர் கையில் இருக்கின்றது.

மன்னார் மக்கள் செய்யத்தக்கன மூன்று. கிணறுகளையும் தொட்டிகளையும் நுளம்பு பெருகாவண்ணம் மூடிவைத்தும், பரிசோதிக்க வரும் அலுவலருக்கு இடங்கொடுத்தும், பழைய காய்ச்சல் திரும்பாமற் காத்தல் ஒன்று. மணம் பேசுவதற்கு முன்னரே இளைஞர் இருபாலாரும் குருதியைச் சோதித்துக்கொள்ளல் இரண்டு. ஏற்கெனவே நோயோடு வாழும் பிள்ளைகளுக்காக, உடல்நலம் உடையோர் குருதித்தானம் செய்தல் மூன்று. கேற்றா-1 ஐக் கண்டவர் பெரும் ஆய்வுகூடங்களில் உழைத்தவர். அவர்கள் கண்ட உண்மையைத் தம் வீட்டிற் பயன்படுத்துதற்குச் சிறிதளவு குருதியும் மறைவற்ற பேச்சுமே போதும்.